மிச்சம் ஏழு

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் துப்பத் தெரியாத பெண்பிள்ளை கிடையாது. நிரையில் நின்று கொழுந்து எடுத்துக்கொண்டே, வாயில் ஊறிய வெற்றிலைச் சாற்றை இரண்டு செடி தாண்டி மழைத்தண்ணி ஓடுகிற கானுக்குள் சரியாக விழுகிற மாதிரி துப்புவோம். கையும் நிற்காது, பேச்சும் நிற்காது. இப்படிப் பழகிய பதினொரு வாய்களை ஒரு காலையில் கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் கூட்டி உட்காரவைத்தார்கள். ஆளுக்கொரு சின்னக் குழாயைக் கையில் கொடுத்து, அதில் போட்டிருக்கிற கோடு வரைக்கும் எச்சிலால் நிரப்பித் தாருங்கள் என்றார்கள். அரை மணி நேரமாகியும் ஒருத்தி குழாயிலும் அடி நனையவில்லை.

ஆராய்ச்சி என்றார்கள். அதற்கு முந்திய மாதம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் முகாம் வைத்து, வெற்றிலை போடுகிறவர்களின் வாயை டோர்ச் அடித்துப் பார்த்திருந்தார்கள். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்திருந்தவர்களைத் தனியே கூப்பிட்டுப் பேசினார்கள். இது புற்றுநோய் இல்லை, ஆனால் சிலருக்கு வருஷங்கள் போனபிறகு அப்படி மாறலாம், சிவப்பும் கலந்திருந்தால் பயம் கூட. மாறாமல் தடுக்க ஒரு மருந்து உதவுமா என்று பார்க்கப்போகிறோம். மூன்று வருஷம் எங்களோடு நிற்பீர்களா என்று கேட்டார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்து மாதிரியே இருக்கிற வெறும் மாவு. யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, கொடுக்கிற டொக்டருக்கும் தெரியாது. பிடிக்காவிட்டால் எந்த நாளும் விலகிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் தமிழில் வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினார்கள்.

கையெழுத்துப் போடும்போது எல்லாம் லேசாகத்தான் தெரிந்தது. பிறகுதான் வேலை எவ்வளவு என்று புரிந்தது. தினமும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை. ஒரு நாளைக்கு எத்தனை வாய் வெற்றிலை போட்டோம் என்று படம் போட்ட தாளில் கோடு இழுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்சில், கன்னத்தில் பிரஷ் தேய்ப்பு, வாய்க்குள் போட்டோ. வருஷத்துக்கு ஒரு தடவை மரத்துப்போக ஊசி போட்டுக் கன்னத்திலிருந்து ஒரு சின்னத் துண்டுச் சதை எடுப்பார்கள். எச்சில் கொடுக்கிற அன்றைக்கு அவர்கள் வந்து சேரும்வரை வெற்றிலை கூடாது, சாப்பாடு கூடாது, தேத்தண்ணியும் கூடாது. மற்ற எல்லாவற்றுக்கும் தலையாட்டிய நான் இந்தக் கடைசி விஷயத்தில் டொக்டரோடு சண்டைக்குப் போனேன். தேயிலைத் தோட்டத்தில் வந்து நின்றுகொண்டு விடியற்காலைத் தேத்தண்ணியைக் குடிக்காதே என்று சொல்ல ஒருவருக்கு எவ்வளவு தைரியம் இருக்க வேண்டும்.

டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். மெலிந்த ஆள், மெதுவான குரல். நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, கொஞ்சம் பொறுங்கோ அம்மா, வேகமா வந்திடுவம் என்றார். முதல் எச்சில் நாளன்று லிந்துலையிலிருந்து வர வேண்டிய வேன் ஒரு மரக்கறி லொறிக்குப் பின்னால் மாட்டி ஒன்றரை மணி நேரம் பிந்தி வந்தது. அதுவரை பதினொரு பேரும் தேத்தண்ணியும் இல்லாமல் வெற்றிலையும் இல்லாமல், ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிக்கப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தோம். காய்ந்த வாயில் எச்சில் எங்கே இருந்து வரும்?

கடைசியில் வழி கண்டுபிடித்தவள் என் மதினிதான். பத்தொன்பது வருஷம் என் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவள். சொந்தம் எதுவும் இல்லை. ஒருத்தரை ஒருத்தர் மதினி என்று கூப்பிடுவோம், யார் மூத்தவள் என்கிற வழக்கு இன்றைக்கும் தீரவில்லை. அவள் எழுந்து நின்று, திருவிழாக் கடையில் விற்கிற அச்சாறைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். புளிக்கிற வெரளிக்காயை இப்படி இடித்து, மிளகாய்த்தூள் இப்படித் தூவி, வினாகிரி மேலே இப்படி மிதக்க, ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தால் என்று கண்ணைச் சுருக்கிக் காட்டினாள். பதினொரு குழாயும் கோடு தாண்டியது. தமிழ் அவ்வளவாகத் தெரியாத சிங்கள நர்ஸுக்கும் வாய் ஊறிவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு மூன்று மாதமும் மதினியின் அச்சாறுப் பிரசங்கம் இல்லாமல் எங்களுக்கு எச்சில் எடுத்ததில்லை.

எனக்குக் கொஞ்சம் பதவி ஆசை உண்டு, அதை மறைக்கப்போவதில்லை. முழங்கால் கெட்டுப்போய் மலைக்குப் போவதை விட்ட பிறகு, தாய்மார் விட்டுப்போகிற கைப்பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்கிற வேலை எனக்குக் கிடைத்திருந்தது. அங்கே பைப் உண்டு, பெஞ்சு உண்டு, தரை சுத்தம். அதனால் ஆராய்ச்சிக்காரர்களும் அங்கேயே வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் தாள்களை என் பொறுப்பில் கொடுத்தார்கள். போதாதா எனக்கு? மறுநாளே பதினொரு பேரையும் கங்காணி மாதிரி விரட்ட ஆரம்பித்துவிட்டேன். நானே பதினாலு வயதிலிருந்து வெற்றிலை போடுகிறவள், என் தாளில்தான் கோடுகள் அதிகம் என்பதை மட்டும் யாரும் பேச விடவில்லை.

மதினி சேர்ந்ததற்குக் காரணம் வேறு. அது எனக்கு முதல் வாரமே தெரியும். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது சொன்னாள்.

"எனக்கு இருக்கிறது வெறும் வெள்ள, மதினி. அவருக்கு வெள்ளையும் செவப்புமா இருக்கு. கொட்டாவி விடையில நான் பாத்தேன். முகாமுக்கு வாங்கன்னா வெறகுக்குப் போயிட்டாரு."

அவர் என்றால் அவளுடைய புருஷன். கவ்வாத்துக்காரர், தேயிலைச் செடியை அரைக்கு வெட்டி இறக்குகிற வேலை. நல்ல உடம்பு, நல்ல மனசு, வாயில் எப்போதும் போயிலை. அவருடைய அண்ணனுக்கு வாயில் புற்று வந்து, கொழும்புப் பக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போனவர் உயிரோடு திரும்பவில்லை. அதற்குப் பிறகு இவர் ஆஸ்பத்திரிக்காரர்கள் யாருக்கும் வாயைத் திறந்து காட்டுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டார். மதினி அழுது பார்த்தாள், சமைக்காமல் இருந்து பார்த்தாள், பிள்ளைகளை விட்டுச் சொல்ல வைத்தாள். மனுஷன் மசியவில்லை. ராத்திரி அவர் தூங்கும்போது வாய் லேசாகத் திறந்திருந்தால் எட்டிப் பார்ப்பாளாம். அதைச் சொல்லிச் சிரித்தாள், சிரிக்கும்போதே கண் கலங்கியது. அவரை எப்படியாவது ஒருநாள் அந்த டோர்ச்சுக்கு முன்னால் உட்காரவைக்க வேண்டும், அதற்குள் காலம் கடந்துவிடக் கூடாது. அவளுக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு போத்தல். அதில் தொண்ணூற்றேழு மாத்திரை. தொண்ணூறு நாளுக்குத் தொண்ணூறு போக ஏழு மிஞ்ச வேண்டும். போத்தலைத் திருப்பிக் கொடுக்கும்போது மிச்சத்தை நர்ஸ் எண்ணுவார். முதல் தவணைக்கு முந்திய நாள் சாயங்காலம், எதற்கும் ஒருமுறை பார்த்துவைப்போம் என்று எல்லோரையும் போத்தலோடு வரச்சொல்லி நானே எண்ணினேன். ஒருத்தியிடம் பத்தொன்பது மிச்சம். ஒருத்தியிடம் இருபத்தாறு. காய்ச்சலில் கிடந்தவளிடம் முப்பத்தொன்று. என்னிடம் பன்னிரண்டு. மதினியின் போத்தலைக் கவிழ்த்தேன், ஒன்றுகூட விழவில்லை.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சொன்ன கிலோ எடுத்தால்தான் அன்றைக்கு முழுச் சம்பளம், முழுப்பேர். குறைந்தால் பாதிச் சம்பளம், அரைப்பேர். ஒருத்தி உடம்புக்கு முடியாமலோ மனசு சரியில்லாமலோ குறைவாக எடுத்திருந்தால், தராசுக்குப் போகும் முன்பே பக்கத்து நிரைக்காரிகள் ஆளுக்கு இரண்டு பிடி அவள் சாக்கில் போட்டுவிடுவார்கள். ஏன் குறைந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்பது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. எனக்கே எத்தனையோ நாள் அப்படி முழுப்பேர் விழுந்திருக்கிறது. அந்தக் கையோடு, அந்தப் புத்தியோடுதான் நான் அன்றைக்கு மாத்திரைகளை மேசையில் கொட்டினேன். கூடினவளிடம் எடுத்து மதினியின் போத்தலுக்கு ஏழு போட்டேன். எல்லோருக்கும் ஏழு ஏழாகச் சரிக்கட்டி, மிஞ்சியதைக் காகிதத்தில் சுற்றி அடுப்பில் போட்டேன். அன்றைக்கு ராத்திரி எவ்வளவு நிம்மதியாகத் தூங்கினேன் தெரியுமா? ஒருத்தியையும் அரைப்பேரில் விடவில்லை.

மறுநாள் நர்ஸ் எண்ணினார். ஹத என்றார். சிங்களத்தில் ஏழு. அடுத்த போத்தல், ஹத. அடுத்தது, ஹத. பதினொரு தடவை ஹத. டொக்டர் தாளில் எழுதிக்கொண்டார். அடுத்த மூன்று மாதம் போய் மறுபடியும் அதே பாட்டு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் டிவிசன் ஒழுங்கு வேறு எங்கே இருக்கிறது என்று வேன் டிரைவரிடம்கூடப் பீற்றிக்கொண்டேன்.

மூன்றாவது தவணையில், ஏழாவது ஹதவுக்கே டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் டயகம பக்கமும் போறனான், வலப்பனைக்கும் போறனான். எல்லா இடத்திலயும் பத்து மிஞ்சும், இருபது மிஞ்சும், சிலபேர் போத்தலையே துலைச்சுப்போட்டு வருவினம். எல்லாருக்கும் ஏழு மிஞ்சினது இஞ்ச மட்டுந்தான். இது எப்பிடி அம்மா?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நான் முதலில் முயற்சி செய்தேன். எங்கள் ஆட்கள் அவ்வளவு கெட்டிக்காரிகள் என்றேன். டொக்டர் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது, வேறென்ன வரும். ஆமாம், நான்தான் போட்டேன், ஒருத்தியை எல்லோர் முன்னாலும் குறைச்சுக் காட்ட எங்களுக்கு மனசு வராது என்று படபடவென்று கொட்டிவிட்டேன். அரைப்பேர், முழுப்பேர், இரண்டு பிடி கொழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். நர்ஸுக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதிக்கே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

டொக்டர் சிரிக்கவில்லை. ஆனால் அதட்டவும் இல்லை. மேட்டு மலைக் கொழுந்தையும் பள்ளத்து மலைக் கொழுந்தையும் கலந்துவிட்டு எந்த மலைத் தேயிலை நல்லதென்று கேட்டால் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் சொல்ல முடியுமா என்று என்னிடமே கேட்டார். நாளைக்கு இந்த மருந்து வேலை செய்யவில்லை என்று வந்தால், மருந்து சரியில்லையா, இல்லை யாரும் விழுங்கவில்லையா என்று எப்படித் தெரியும்? விழுங்க முடியவில்லை என்றால் அதுவும் அவர்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம்தானாம். மறப்பது தப்பில்லை, வயிற்றைப் புரட்டுகிறது என்று விட்டாலும் தப்பில்லை, விட்டதை மறைத்தால் மட்டும் எல்லோருடைய பாடும் வீண். இதைக் கேட்டபோது எனக்கு மனசு சுருங்கிப்போனது. மூன்று தவணை எச்சிலும் பட்டினியும் என் ஒரு கையால் கெட்டுப்போயிற்றே என்று அழுகை வந்தது.

பிறகு ஒவ்வொருத்தியாக உண்மைக் கணக்கைச் சொன்னார்கள். இருபத்திரண்டு என்றாள் ஒருத்தி. பதினாலு என்றாள் ஒருத்தி. பெஞ்சின் கடைசியில் இருந்த மதினியின் முறை வந்தது. அவள் முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு மிச்சமே இருக்காது டொக்டரம்மா. தொண்ணூறு நாளும் அவருக்குத்தான் குடுத்தேன். தோளு வலிக்குச் சத்து மாத்திரைன்னு சொல்லி. மிச்சம் ஏழையும் நான் முழுங்கிட்டேன்."

இப்படி ஒன்று நடந்ததை என்னிடம்கூட அவள் சொல்லவில்லையே என்று எனக்கு ஒரு பக்கம் ஆத்திரம். போத்தல் காலியாக இருந்தபோது நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று இன்னொரு பக்கம் வெட்கம். மரியாதை மரியாதை என்று மூன்று தவணை ஏழு ஏழாகப் போட்டு மூடியவள் நான்தானே. இனி அவள் பேரை வெட்டிவிடுவார்கள், அவர் வாயைப் பார்ப்பது இருக்கட்டும், இவள் வாயைப் பார்ப்பதற்கே ஆள் இருக்காது என்று நினைத்தேன்.

டொக்டர் கேட்ட முதல் கேள்வி, அவர் ஒழுங்காக எடுத்தவரோ என்பது.

ஒரு நாள் தப்பவில்லை என்றாள் மதினி. ரொட்டி சாப்பிட்டதும் கையை நீட்டுவாராம். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாலும் பாதி வழியில் திரும்பி வந்து வாங்கிப் போட்டுக்கொள்வாராம். ஒன்பது மாதத்தில் ஒரு நாள்கூட விட்டதில்லை. டொக்டர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். அப்போதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது, வந்தது நிற்கவில்லை. மூன்று மாவட்டத்தில் இவ்வளவு ஒழுங்காக மாத்திரை எடுத்த ஆள் இவர் ஒருவர்தான், அவரும் எங்கள் ஆராய்ச்சியில் இல்லை என்று நர்ஸிடம் சிங்களத்தில் சொல்லி, எங்களுக்கும் தமிழில் சொன்னார். பிறகு பதினொரு பேரும் சிரித்தோம். நான் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன்.

இன்னொருவர் பேருக்கு வந்த மருந்தை மற்றவருக்குக் கொடுப்பது ஆபத்து, நல்ல காலம் ஒன்றும் ஆகவில்லை என்று டொக்டர் அவளுக்குத் தனியாக எடுத்துச் சொன்னார். எல்லாவற்றையும் மேலே அறிவிக்க வேண்டும், நடந்தது நடந்தபடியே எழுதப்போகிறேன் என்றார். என் பேர வெட்டிருவீங்களா என்று மதினி கேட்டாள்.

"குளிசையை விட்டாலும் நாங்கள் ஆளை விடமாட்டம்" என்றார் டொக்டர், மாத்திரைக்கு அவர் பாஷையில் குளிசை. "மூண்டு வருசமும் உங்கட வாயைப் பார்ப்பம். அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

இந்தக் கூத்தில் அன்றைக்கு எச்சில் எடுக்கவே நேரமில்லை. அடுத்த வியாழக்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டு வேன் போனது.

கூட்டிக்கொண்டு வாங்கோ என்று சொல்வது சுலபம். மறுநாள் மத்தியானம் நானும் மதினியும் கவ்வாத்து மலைக்கு ஏறினோம். என் முழங்கால் வழியெல்லாம் என்னைத் திட்டியது. அவர் வெட்டின செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். மதினி என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். நானே உடைத்துச் சொன்னேன். அது சத்து மாத்திரை இல்லை அண்ணே, வாய்க்கு உள்ள மாத்திரை, உங்க பொஞ்சாதி பேருக்கு வந்தது, மருந்தா மாவான்னு யாருக்கும் தெரியாது. அவர் கத்தியைத் திருப்பித் திருப்பித் துடைத்தார். கோபம் வரப்போகிறது என்று நான் ஒரு அடி பின்னால் வைத்தேன்.

"அப்ப இனிமே மாத்திரை கெடயாதா தங்கச்சி?" என்றார்.

அவருக்கு அதுதான் கவலை. ஒன்பது மாதமாகத் தோள் வலி போன இடம் தெரியவில்லையாம். முன்பெல்லாம் ராத்திரியில் கையைத் தூக்க முடியாதாம். வேணும்னா வியாழக்கிழமை நீங்களே வந்து டொக்டர்கிட்ட கேளுங்க என்று சொல்லிவிட்டு இறங்கினோம். வருவாரா என்று வழியில் மதினி இரண்டு தரம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். பொய் சொல்லி ஆறுதல்படுத்த எனக்கு அன்றைக்குத் தெம்பில்லை.

வியாழக்கிழமை விடியும் முன்பே நாங்கள் பதினொரு பேரும் வழக்கம்போல் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆறு மணிக்கு அவர் வந்தார். குளித்து, கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். உட்கார இடம் இல்லாததால் பிள்ளைகளின் குட்டிப் பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் தாடைக்கு வந்தது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது எங்களுக்கு. பேர் வைக்கலாமா, தொட்டில் போடலாமா, பால் மா கரைக்கட்டுமா என்று ஆளாளுக்கு ஆரம்பித்தோம். அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். பரிதாபப்பட்டு, நீங்கள் எச்சில் கொடுக்க வேண்டியதில்லையே, தேத்தண்ணி குடிக்கலாம் என்று ஊற்றிக் கொடுத்தேன். வேண்டாம் என்றார். வெற்றிலையும் போடவில்லையாம். இவ்வளவு நாள் ஒழுங்காகச் செய்துவிட்டு இன்றைக்கு மட்டும் ஏன் விட வேண்டும் என்றார்.

வேன் அன்றைக்கும் பிந்தித்தான் வந்தது. டொக்டர் உள்ளே வந்ததும் அவர் எழுந்து நின்று மாத்திரை கேட்டார். தர ஏலாது என்று டொக்டர் நேராகச் சொன்னார். அது உங்கள் மனைவியின் பேருக்கு வந்தது. தோள் நோ எதனால் போனது என்று எனக்குத் தெரியாது. வாயைக் காட்டினால் வாயைப் பற்றி மட்டும் தெரிந்ததைச் சொல்லுவேன் என்றார். அவர் மதினியைப் பார்த்தார்.

"எங்கண்ணனும் வாயக் காட்டுனாரு டொக்டர். திரும்பி வரல."

எப்போது காட்டினவர் என்று டொக்டர் கேட்டார். வாய் திறக்க முடியாமல் போன பிறகு, கஞ்சியும் இறங்காமல் போன பிறகு என்றார் அவர். சொல்லும்போதே குரல் இறங்கிப்போனது. நீங்கள் நேற்று என்ன சாப்பிட்டனீங்கள் என்று டொக்டர் கேட்டார். ரொட்டியும் கட்டச் சம்பலும் என்றார். டொக்டர் டோர்ச்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அவர் மறுபடி அந்தக் குட்டிப் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். வாயைத் திறந்தார்.

டொக்டர் மண்டிபோட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். குழாயும் கையுமாக நாங்கள் பதினொரு பேரும் எட்டி எட்டிப் பார்த்தோம். மதினி என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் அழுந்தித் தடம் விழுந்துவிட்டது. டொக்டர் எழுந்தார். கண்ணால் பார்த்துச் சொல்வது போதாது, கண்டிக்குப் போய் ஒரு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும், இந்த மாதமே போக வேண்டும் என்றார். போகிறேன் என்றார் அவர். காட்டியாச்சு, இனிமே என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தலவாக்கலையில் ரயில் ஏறி மூன்று பேரும் போனோம். நான் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் போயிருப்பேன். துண்டு எடுத்தார்கள். முடிவு வருவதற்குப் பிடித்த இரண்டு வாரமும் மதினி கொழுந்து எடுத்த லட்சணத்தைக் கங்காணிதான் சொல்ல வேண்டும். அவள் சாக்கில் பாதி பக்கத்து நிரைக்காரிகள் போட்டது. முடிவு வந்தது. மாறுகிற விளிம்பில் நிற்கிறது, இன்னும் தாண்டவில்லை, இப்போதே வெட்டி எடுத்துவிட்டால் போதும் என்றார்கள். வெட்டி எடுத்தார்கள். பத்தாம் நாள் அவர் டயகம பஸ்ஸில் வந்து சந்தியில் இறங்கினார். கன்னம் ஒரு பக்கம் வீங்கி, கையில் துணிப்பையோடு நடந்தே மேலே ஏறி வந்தார். லயத்து வீட்டு வரிசையின் கோடி வரைக்கும் ஆட்கள் வெளியில் வந்து நின்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன ஒருவர் அந்த வீட்டுக்குத் திரும்பி வருகிறார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. மதினி ஓடவும் இல்லை, அழவும் இல்லை. தேத்தண்ணியை ஆற்றி, வெதுவெதுப்பாக்கி, வாசலிலேயே நின்று கொடுத்தாள். அவர் ஒரு பக்கமாகச் சாய்த்துக் குடித்தார், பாதி சட்டையில் வழிந்தது.

அதற்குப் பிறகு எங்கள் கணக்கு நேர்மையான கணக்கு. பதினெட்டு, இருபத்தொன்று, ஒன்பது, முப்பது என்று கண்டபடி மிஞ்சியது. அந்த அலங்கோலத்தைப் பார்த்து டொக்டருக்கு வந்த சந்தோஷம் என் அழகான ஏழுகளுக்கு ஒருநாளும் வரவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். என் வெற்றிலைத் தாளிலும் கோடுகள் குறைந்தன. முற்றாக விட்டேன் என்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டு இரண்டாயிற்று, அந்த இரண்டும் போயிலை இல்லாமல். மதினிக்கு மேலிடத்தில் கேட்டு மாத்திரையை மறுபடி கொடுத்தார்கள். எங்களில் யாருக்கு மருந்து, யாருக்கு மாவு என்று இன்னும் சொல்லவில்லை. எல்லாத் தோட்டத்துக் கணக்கும் முடிந்த பிறகு சொல்வார்களாம்.

எங்கள் மூன்று வருஷம் போன மாதம் முடிந்தது. கடைசித் தடவையாகப் பிள்ளைக் காம்பராவில் உட்கார்ந்தோம், கடைசித் தடவையாக மதினி அச்சாறைப் பற்றிப் பேசினாள், எச்சில் கொடுத்தோம். நர்ஸ் போத்தல்களை எண்ண ஆரம்பித்தார். பதினாறு, இருபத்துநாலு, பதினொன்று. மதினியின் போத்தலை மேசையில் கவிழ்த்தார். இரண்டு விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினார். நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

ஹத என்றார்.

டொக்டரும் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் இரண்டு கையையும் மேலே தூக்கினேன். குலதெய்வத்தின் மேல் சத்தியமாக அந்தப் போத்தலை நான் தொடவே இல்லை. ஒரு நாளும் மறக்கேல்லையோ என்று டொக்டர் மதினியிடம் கேட்டார்.

"மறக்க விட்டாத்தானே" என்றாள் மதினி. "காலையில ரெண்டு தம்ளர் தண்ணியோட வந்து நிப்பாரு. ஒண்ணு நான் மாத்திரை போட."

மற்றது யாருக்கு என்று டொக்டர் கேட்டார்.

"அவருக்குத்தான். மாத்திரை கெடயாதுன்னுட்டீங்களே. தண்ணியாச்சும் கூட நின்னு குடிக்கணுமாம்."

டொக்டர் மாத்திரைகளைத் தன் பக்கம் இழுத்து, தானே ஒருமுறை மெதுவாக எண்ணினார். ஏழு இருந்தது.